அறுபத்திரண்டு முறை வேண்டாம்

தேரிக்குடியில் அன்றைக்கு யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. செவ்வாயில் எடை குறைவு என்பது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம், அன்றைக்குக் குடியிருப்பின் கணினிப் பெட்டகத்தை ஏற்றி இயக்கும் நாள். தொண்ணூற்றாறு குடும்பங்களும் குளித்து, இருப்பதில் நல்ல துணியை உடுத்திக்கொண்டு, கண்ணாடிக் கூரைக்குக் கீழே பொதுமண்டபத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பொதுச் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் ஆவுடை மைனி, பொட்டலத்து ரவையைக் கொட்டி ஒரு பெரிய அண்டா நிறையக் கேசரி கிண்டி வைத்திருந்தாள். எல்லார் கண்ணும் மண்டபத்தின் கோடியில், ஆள் உயரத்துக்கு நின்ற அந்தச் சாம்பல் நிறப் பெட்டியின் மேலும் அதன் முன்னால் நின்ற இசக்கியின் மேலும்தான் இருந்தது.

இசக்கிக்கு முப்பத்தெட்டு வயது. தூத்துக்குடித் துறைமுகத்தில் பதினாறு வருஷம் சரக்குக் கொள்கலன்களின் கணினியைக் கட்டி மேய்த்தவள். தேரிக் காட்டின் சிவப்பு மணலில் பிறந்து வளர்ந்தவர்களைத்தான் செவ்வாய்க்கு அனுப்பவேண்டும், அவர்களுக்குத்தான் இந்த மணலோடு பழக்கம் என்று யாரோ ஒரு பெரிய அதிகாரி முடிவு செய்தபோது, ஊரோடு சேர்ந்து அவளும் கலம் ஏறினாள். இப்போது இந்தக் குடியிருப்பின் பெட்டகப் பொறியாளர் அவள்தான். கைவிரல் நுனியெல்லாம் குறுகுறுத்தது. எத்தனையோ கணினிகளைப் பழுது பார்த்திருக்கிறாள்; ஒன்றைப் பிறப்பித்து வைப்பது இதுதான் முதல் தடவை.

செவ்வாயில் அலுவலகம் கிடையாது. எழுத்தர் கிடையாது, டோக்கன் கிடையாது, கூண்டுக்குள் கையை நீட்டிக் காத்திருக்கும் வேலையே கிடையாது. எந்தக் கதவு யாருக்குத் திறக்கவேண்டும், வெந்நீர் எந்த வீட்டுக்குப் போகவேண்டும், எந்தப் பிள்ளைக்கு எப்போது ஊசி, எல்லாம் பெட்டகத்துக்குள் இருக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பொருளைக் கேட்டால், யாருக்கு முதலில் என்பதைக் கண் இமைப்பதற்குள் அதுவே சொல்லிவிடும். முப்பது வருஷமாகச் செவ்வாயில் வரிசைச் சண்டை என்று ஒன்று நடந்ததே இல்லை. ஆனால் வந்து இறங்கும்போது பெட்டகம் பிறந்த பிள்ளை மாதிரி, ஒன்றும் தெரியாது. ஏற்றும்போது அது மூன்று கேள்வி கேட்கும். அதற்கு என்ன பதில் சொல்லுகிறோமோ அதுதான் கடைசிவரைக்கும். மாற்றவேண்டுமென்றால் உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே கொட்டி, வெறும் பெட்டியாக்கி, மறுபடி ஏற்றி நிரப்பவேண்டும். ஒன்பது நாள் ஆகும். அந்த ஒன்பது நாளும் காற்றை யார் அனுப்புவது?

முதல் கேள்வி எழுத்துக்கொள்ளளவு. சின்னதை எடுத்தால் பெட்டகம் வேகமாக ஓடும், ஆனால் கொஞ்சம் எழுத்துகளைத்தான் தாங்கும். பெரியதை எடுத்தால் உலகத்தில் மனிதன் எழுதிய எல்லா எழுத்தும் உள்ளே போகும், இனிமேல் கண்டுபிடிக்கப்போகிறவனுக்கும் இடம் இருக்கும். இசக்கி யோசிக்கவே இல்லை. துறைமுகத்தின் பழைய கணினி சின்னதில் ஏற்றப்பட்டது. அதில் அவளுடைய மாமனார் பெயர் ஏழு கேள்விக்குறியாகத்தான் வரும். அந்த மனுஷர் சாகிறவரைக்கும் ஏழு கேள்விக்குறியாகவே சம்பளம் வாங்கினார். பெரியதை அழுத்தினாள்.

இரண்டாவது ஊர்வழக்கு. தேதியை எப்படி எழுதுவது, லட்சத்துக்கு எங்கே காற்புள்ளி, வாரம் எந்தக் கிழமையில் தொடங்கும், இந்த ஊரில் ஒரு சொல்லை எப்படி எடுத்துக்கொள்ளவேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். நாள் விடியலில் தொடங்குகிறதா நடுராத்திரியிலா என்று குடியிருப்புத் தலைவர் பேச்சிமுத்து அண்ணாச்சியும் இன்னும் நாலு பேரும் அரைமணி நேரம் வாதாடியதில் கேசரி ஆறிப்போனது. விடியல் ஜெயித்தது.

மூன்றாவதுதான் உயிர்நாடி. வரிசைநெறி. இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தினால் யார் முன்னே, யார் பின்னே?

செவ்வாயின் முதல் குடியிருப்பு, தொழிற்சாலையிலிருந்து வந்த வெறும் எண் நெறியையே வைத்துக்கொண்டது. யாருக்கு எண் சின்னதோ அவருக்கு முதலில். அதைவிட வேகம் எதிலும் கிடையாது. அங்கே ஒன்றாம் எண் வீட்டில் ஒரு பெண்பிள்ளை பிறந்தபோது, அது தவழுவதற்குள் நாற்பது வீட்டிலிருந்து சம்பந்தம் பேசி வந்துவிட்டார்கள். இரண்டாம் குடியிருப்பு வயசு நெறியை எடுத்தது. எல்லாவற்றிலும் மூத்தவருக்கு முதலிடம். ஐந்தே வருஷத்தில் இளவட்டம் எல்லாம் வேறு குடியிருப்புக்குக் கிளம்பிவிட்டது; இப்போது அங்கே கிழவர்கள் மட்டும் ஒருவருக்கொருவர் வெந்நீர் விட்டுக்கொண்டு, நம் நெறி எவ்வளவு உத்தமமானது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது குடியிருப்பு அதையே புரட்டிப் போட்டது: இளையவருக்கு முதலில். கைக்குழந்தை இல்லாத வீட்டில் குழாய் திறந்தால் காற்றுதான் வரும். அதனால் வருஷத்துக்கு ஒரு குழந்தை பெற்று, இப்போது படுக்க இடம் இல்லை.

இதையெல்லாம் பார்த்துவிட்டு இசக்கி கலத்தில் வந்த ஏழு மாசமும் உட்கார்ந்து புதிதாக ஒன்றை எழுதியிருந்தாள். அதற்குக் கேட்டறிநெறி என்று பெயர் வைத்திருந்தாள். எவனோ தொழிற்சாலையில் எழுதின வரிசை நமக்கு எதற்கு? நம் ஆட்களையே கேட்டுவிடுவோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து பெட்டகத்தின் முன்னால் தனியாக நிற்கவேண்டும். உனக்கும் மற்றவருக்கும் ஒரே நேரத்தில் ஒன்று தேவைப்பட்டால் யாருக்கு முதலில் என்று பெட்டகம் கேட்கும். எல்லார் பதிலையும் சேர்த்துப் பெட்டகமே வரிசையைக் கட்டிக்கொள்ளும். மனசறிந்த வரிசை. பூமியில் பெட்டகம் செய்த நிறுவனத்தார் இதெல்லாம் வேண்டாத வேலை என்று மூன்று தடவை எழுதினார்கள். இசக்கி நாலு தடவை பதில் எழுதினாள்.

அன்றைக்குத் தொண்ணூற்றாறு பேரும் ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்தார்கள். இசக்கியும் தன் வீட்டுக்காகச் சொன்னாள். எல்லாம் முடிந்து, பதில்களைத் திரையில் வரவழைத்துப் பார்த்தாள்.

தொண்ணூற்றாறு வீடும் ஒரே பதில். அவிய மொதல்ல, நாங்க பொறவு.

ஆவுடை மைனி சொன்னது அப்படி. பேச்சிமுத்து அண்ணாச்சி சொன்னதும் அப்படி. தொட்டதற்கெல்லாம் மல்லுக்கு நிற்கும் கிழக்கு வீட்டுக்கொத்து ஆட்கள்கூட அப்படியே சொல்லியிருந்தார்கள். இப்படிப்பட்ட ஜனங்கள் வேறு எங்கே இருக்கிறார்கள் என்று இசக்கி மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஏற்று விசையை அழுத்தினாள். பெட்டகத்தின் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது. குலவைச் சத்தத்தில் கண்ணாடிக் கூரை அதிர்ந்தது. ஆறின கேசரி தேனாக இனித்தது.

மறுநாள் காலையில் யாருக்கும் வெந்நீர் வரவில்லை.

முதலில் குழாய்க் கோளாறு என்றுதான் நினைத்தார்கள். இசக்கியின் கணவன் சங்கரவேல் குழாய்ப் பணியாளன். சாமான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். குழாய் எல்லாம் நன்றாக இருந்தது. வடக்குக் கொத்தில் இரண்டு வீட்டார் ஒரே நேரத்தில் ஒரு நடைக்கதவின் இரண்டு பக்கமும் வந்து நின்றிருக்கிறார்கள். கதவு திறக்கவில்லை. இவர் கொஞ்சம் பின்வாங்கினார், அவரும் பின்வாங்கினார்; இவர் முன்னே வந்தார், அவரும் வந்தார்; கால்மணி நேரம் கதவு அசையவே இல்லை. இசக்கி கதவைப் பார்க்கக் கிளம்பினாள். அப்போதுதான் சமையலறையிலிருந்து ஆள் வந்து கையோடு கூட்டிப் போனார்கள்.

அங்கே பந்தி நடந்துகொண்டிருந்தது. அல்லது நடக்காமல் இருந்தது. நீள மேசையைச் சுற்றி ஓடும் பட்டையில் தட்டுத் தட்டாக இட்லி வரும். யார் முன்னால் நிற்கவேண்டும் என்று பெட்டகம் சொல்லுகிறதோ அவர் முன்னால் நிற்கும். தட்டுகள் வந்தன. ஒருவர் முன்னால் வந்து, அரைக் கணம் தயங்கி, அடுத்தவர் பக்கம் நகர்ந்தன. அவர் முன்னாலும் தயங்கி, அதற்கடுத்தவர் பக்கம் நகர்ந்தன. இப்படியே மேசை முழுக்கச் சுற்றி, சமையலறைக்குள் போய், மறுபடி வெளியே வந்தன. ஒரு தட்டு பதினெட்டாவது சுற்றில் இருந்தது. எல்லாரும் கையை மடியில் வைத்துக்கொண்டு இட்லி போவதையும் வருவதையும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டி எடுக்க ஒருவருக்கும் மனசு வரவில்லை. அடுத்தவர் முன்னால் போகிற தட்டல்லவா.

"எட்டி இசக்கி, இது என்ன இட்லியா, தேர் ஓட்டமா?" என்றாள் ஆவுடை மைனி.

இசக்கிக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு வரிசைக்கு ஒரு தலை வேண்டும். இந்த வீடு அந்த வீட்டுக்குப் பிந்தியது என்றால், அந்த வீடு இதற்கு முந்தியதாக இருக்கவேண்டும். இங்கேயோ இவர் அவருக்குப் பின்னால், அவர் இவருக்குப் பின்னால். தொண்ணூற்றாறு பேரும் கடைசி. முதல் ஆளே இல்லை. பெட்டகம் நேற்று மத்தியானத்திலிருந்து வரிசையின் தலையைத் தேடி வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

வெந்நீர் இல்லாமல் இருந்துவிடலாம். இட்லியைக் கையால் எடுத்துத் தின்றுவிடலாம். காற்று அப்படி அல்ல. இப்போது வருகிற காற்று மேலே சுற்றிக்கொண்டிருக்கும் தாய்க்கலத்தின் இறங்குகூண்டிலிருந்து குழாய் வழியாக வருவது. அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு அந்தக் குழாயைக் கழற்றுவார்கள்; கலம் கிளம்பியாகவேண்டும். அதன்பிறகு குடியிருப்பின் சொந்தக் காற்றுப்பொறிதான். அது ஒரு நேரத்தில் ஒரு வீட்டுக் காற்றுக்குழாயின் அடைப்பிதழைத்தான் திறக்கும். பெட்டகம் சொல்லும் வரிசையில் ஒவ்வொன்றாகத் திறந்து நாலு நிமிஷத்தில் தொண்ணூற்றாறையும் முடித்து, மறுபடி முதலிலிருந்து வரும். முதல் வீடு எதென்று தெரியாவிட்டால் ஒன்றும் திறக்காது. கையால் திறக்க ஒன்றுக்கு அரைமணி நேரம்.

கலத்தலைவரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் நல்ல மனுஷர்தான், ஆனால் கறார். மூன்றே முக்காலுக்குள் வரிசை கட்டி முடிக்கவில்லையென்றால் தொண்ணூற்றாறு குடும்பமும் மறுபடி கலத்தில் ஏறவேண்டியது, பூமிக்குத் திரும்பவேண்டியது, தேரிக்குடி அத்தோடு சரி என்றார்.

ஏழு மாசம் கலத்தில் கிடந்து வந்தவர்கள். வீடுவாசலை விற்றுவிட்டு வந்தவர்கள். பொதுமண்டபத்தில் ஒரே இரைச்சல். இசக்கி மேசை மேல் ஏறி நின்று விளக்கினாள். வழி இல்லாமல் இல்லை. வரிசை இன்னும் கட்டி முடியவில்லை என்பதால், பதிலை மாற்றிச் சொல்லப் பெட்டகம் இன்னும் இடம் கொடுக்கிறது. ஒருவர், ஒரே ஒருவர், எனக்கு மொதல்ல என்று சொன்னால் போதும். வட்டம் அறுந்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பெட்டகம் கோத்துவிடும்.

எல்லாரும் பேச்சிமுத்து அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தலைவன்னு இருந்துக்கிட்டு எனக்கு மொதல்லன்னு நான் எப்படித் தாயி சொல்லுவேன்? காலத்துக்கும் பேச்சு நிக்குமே. மைனி சொல்லட்டும்." மைனி, பரிமாறுகிறவள் முதலில் உட்காருவாளா என்று கேட்டுவிட்டுக் கிழக்குக் கொத்தைக் கைகாட்டினாள். கிழக்குக் கொத்து, வயசில் பெரியவர்கள் வடக்கில் இருக்கும்போது நாங்கள் சொல்லுவது முறையா என்றது. வடக்குக் கொத்து, சின்னஞ்சிறுசுகள் சொன்னால்தான் அழகு என்று தெற்குக்குத் தள்ளியது. தெற்கு மறுபடி அண்ணாச்சியைப் பார்த்தது. பட்டையில் இட்லி ஓடியதுபோல அந்த ஒரு வார்த்தை மண்டபத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒருவர் வாயிலும் நிற்காமல் போய்விட்டது. மணி ஒன்று அடித்தது.

நீயே சொல்லிவிடேன் என்று சங்கரவேல் காதோரம் சொன்னான். இசக்கிக்கும் அதுதான் தோன்றியது. வாயைத் திறந்தாள். இருநூறு முகம் அவளைப் பார்த்தது. பெட்டகத்தைக் கட்டினவள் தனக்கு முதலிடம் போட்டுக்கொண்டாள் என்று அதில் பாதிப் பேர் இப்போதே சொல்லத் தொடங்கிவிட்ட மாதிரி இருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

சோர்ந்துபோய்ப் பெட்டகத்தின் காலடியில் உட்கார்ந்தவள் முன்னால் ஆவுடை மைனி ஒரு தம்ளர் காப்பியை நீட்டினாள். வேண்டாம் மைனி, இப்பதான் குடிச்சேன் என்றாள் இசக்கி. காலையிலிருந்து அவள் பல்லில் தண்ணீர் படவில்லை. "சும்மா சொல்லாதட்டி, எடுத்துக்க" என்று மைனி தம்ளரைக் கையில் திணித்தாள். இசக்கி வாங்கி மடமடவென்று குடித்தாள். பாதித் தம்ளரில் அவளுக்குப் புரை ஏறியது.

வேண்டாம் என்று சொன்னாள். வேண்டாம் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. மைனியும் அதை நம்பவில்லை. மைனி நம்பமாட்டாள் என்று தெரிந்துதான் அவளும் சொன்னாள். பெட்டகம் மட்டும் நேற்றைக்குத் தொண்ணூற்றாறு பேர் சொன்னதையும் அப்படியே நம்பிவிட்டது. பாவம், அதற்கு நம் ஊர் தெரியாது. அது ஒரே ஒரு தடவைதான் கேட்டது.

அவள் எழுந்த வேகத்தில் தம்ளர் உருண்டு ஓடியது. செவ்வாயில் எல்லாம் மெதுவாகத்தான் விழும். அது போய்ச் சுவரில் முட்டுவதற்குள் இசக்கி ஊர்வழக்குப் பக்கத்தைத் திறந்துவிட்டாள். ஒரு சொல்லை எப்படி எடுத்துக்கொள்வது என்ற இடம் மட்டும் அதில் எப்போதும் திருத்தக்கூடியது. விரல் பறக்க எழுதினாள்: இந்த ஊரில் வேண்டாம் என்பது பதில் அல்ல. சரி என்று சொல்லும்வரை விடாமல் உபசரிக்கவும். எத்தனையாவது உபசாரத்தில் சரி என்றாரோ, அந்த எண்தான் அவருடைய இடம். சீக்கிரம் இணங்கியவர் முன்னே, தாமதமாக இணங்கியவர் பின்னே. ஒரே எண்ணில் இரண்டு பேர் என்றால், வாய் முந்தியவர் முன்னே. இதில் வட்டம் விழ வழியே இல்லை.

உபசரிக்க ஒரு குரல் வேண்டுமே. ஆவுடை மைனியைக் கூப்பிட்டு ஒலிவாங்கி முன் நிறுத்தினாள். அவள் சொல்லி மறுத்தவர் ஊரில் கிடையாது.

ஒன்று நாற்பதுக்குத் தொண்ணூற்றாறு பேருடைய காதுக்கருவியிலும் மைனியின் குரல் கேட்டது. "சும்மா சொல்லாதீங்க, நீங்கதான் மொதல்ல." இசக்கி, வேலை செய்கிறதா என்று பார்க்கிற அவசரத்தில், சரி என்றாள். மண்டபத்துப் பெரும்பலகையில் முதல் வரி எழுந்தது: இசக்கி வீடு, ஒன்று. அவள் கைதட்டினாள். வேலை செய்கிறது. என்ன செய்துவிட்டோம் என்பது ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை குரல் கேட்க ஆரம்பித்துவிட்டது.

இரண்டாவது உபசாரத்தில் ஒன்பது வீடு சரி என்றது. மூன்றாவதில் இருபத்தேழு. முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, ரொம்பக் கட்டாயப்படுத்துகிறீர்கள் என்பதாலே என்று முனகிக்கொண்டே இணங்கினார்கள். நாலாவதில் இன்னும் இருபது. பலகையில் பெயர்கள் மளமளவென்று ஏறின. இசக்கிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இந்தக் கணக்கில் இரண்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடும்.

அப்போதுதான் யாரோ பலகையை நிதானமாகப் படித்தார்கள். அங்கே இடம் மட்டும் இல்லையே, எண்ணும் அல்லவா இருக்கிறது. மூணு தடவையிலேயே விழுந்துட்டாரு என்று ஒரு கிசுகிசு கிளம்பியது. அவர் என்ன பெரிய மனுஷர், ரெண்டுதான் என்று இன்னொன்று. மிச்சம் இருந்த முப்பத்தொன்பது வீட்டாரும் முதுகை நிமிர்த்திக்கொண்டார்கள். பத்தாவது உபசாரத்தில் ஒரே ஒருவர்தான் சரி என்றார். அவருடைய மனைவி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருபதாவதில் ஊரே இரண்டாகப் பிரிந்து நின்று, தங்கள் தங்கள் ஆளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தது. விட்றாதீங்க சித்தப்பா, இன்னும் பத்துத் தாங்குங்க என்று ஒரு பக்கம். காற்றுக் குழாய் கழலப்போவதை நினைவுபடுத்தின இசக்கியின் சத்தம் அதில் எடுபடவே இல்லை. சபலப்பட்டவர்கள், பசி தாங்காதவர்கள், கழிப்பறைக்குப் போகவேண்டியவர்கள் என்று ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். நாற்பத்தைந்தாவதில் ஐந்து பேர். ஐம்பதில் இரண்டே பேர்.

பேச்சிமுத்து அண்ணாச்சி. ஆவுடை மைனி.

அண்ணாச்சி நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் கையை மட்டும் மேலே தூக்கி, வேண்டாம் வேண்டாம் என்றார். தலைவர் இணங்கி, சமையல்காரி இணங்காமல் இருந்தால் அவர் எந்த முகத்தோடு நடமாடுவது? மைனியின் பாடு வேறு. அவள் காதில் கேட்டது அவளுடைய சொந்தக் குரல். அடுப்படியில் நின்றபடி, எனக்கே சொல்லித் தாரியா, எட்டி, போ உன் சோலியைப் பார்த்துக்கிட்டு என்று தன்னோடு தானே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து. ஐம்பத்தெட்டு. ஒருவர் இணங்கினால் போதும், மற்றவர் தானாகக் கடைசி ஆகிவிடுவார். மூன்றரை தாண்டிவிட்டது. கலத்தலைவர் ஏறுபடியை இறக்கச் சொல்லிவிட்டார். பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு சிலர் மூட்டை கட்டப் போனார்கள்.

இசக்கி அண்ணாச்சியின் முன்னால் போய் நின்றாள். ஊர் போகப்போகுது அண்ணாச்சி என்றாள். அண்ணாச்சி கண்ணைத் திறக்காமல், மைனிகிட்டச் சொல்லு தாயி, அவ விட்டா நான் விட்டமாதிரிதான் என்றார். அடுப்படிக்கு ஓடினாள். மைனி ராத்திரிச் சோற்றுக்கு உலை வைத்திருந்தாள். குழாய்க் காற்றைக் குறைக்கத் தொடங்கிவிட்டதால் அடுப்பின் நீலச் சுடர் மஞ்சளாகி, குட்டையாகி, நடுங்கிக்கொண்டிருந்தது. இசக்கி சுடரைக் காட்டினாள். மைனி அதைப் பார்த்தாள். அறுபத்திரண்டாவது தடவையாக அவள் காதில் அவள் குரல் கேட்டது.

"ஆமாட்டி, எனக்கு வேணும்" என்றாள் மைனி. "காத்து இல்லாம இரநூறு பேருக்கு எவ சோறு பொங்குவா? எனக்குத்தான் மொதல்ல வேணும், போ."

மண்டபத்தில் ஓவென்று சத்தம். கடைசி இரண்டு வரி பலகையில் எழுந்தன. ஆவுடை வீடு, தொண்ணூற்றைந்து. பேச்சிமுத்து வீடு, தொண்ணூற்றாறு. மறுத்தது அறுபத்திரண்டு முறை. மணி மூன்று நாற்பத்து மூன்று. நாலு மணிக்குக் கலத்தின் குழாய் கழன்றது. குடியிருப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிறகு இசக்கி வீட்டு அடைப்பிதழ் டப்பென்று திறந்தது. அடுத்த வீடு, டப். அடுத்தது, டப். தொண்ணூற்றாறு டப்பையும் ஊர் கூடிநின்று எண்ணியது, கடைசி டப்புக்கு அண்ணாச்சியைத் தோளில் தூக்கிவிட்டார்கள். இசக்கியைச் சங்கரவேல் தூக்கினான். வேறு யாரும் தூக்க வரவில்லை.

அதைத்தான் அவள் சரியாகக் கவனிக்கவில்லை. ஒரு வாரத்தில் கவனிக்கவேண்டி வந்தது. முதல் வெந்நீர் அவளுக்கு, முதல் இட்லி அவளுக்கு, எந்தக் கதவும் அவளுக்கு முதலில். தெருவில் எதிரே வருகிறவர்கள் அவளுக்காகத் திறந்த கதவைப் பார்த்து, பிறகு அவளைப் பார்த்து, ஒண்ணு என்று தமக்குள் சிரித்துக்கொண்டார்கள். கல்யாணம் பேசுகிறவர்கள் இப்போது வேறெதையும் விசாரிக்கவில்லை, மாப்பிள்ளை வீடு எத்தனை தடவை மறுத்தது என்றுதான் கேட்டார்கள். அண்ணாச்சிக்கு வெந்நீர் ஆறித்தான் வந்தது. அந்த ஆறின தண்ணீரில் அவர் குளித்துவிட்டு வந்து நடைபாதையில் நின்றால், ஆட்கள் வந்து வணங்கிவிட்டுப் போனார்கள். எட்டாம் நாள் எழுபத்தொரு வீட்டார் பெட்டகத்துக்கு மனு அனுப்பினார்கள். எல்லா மனுவிலும் ஒரே வேண்டுகோள்: எங்களைக் கடைசி இடத்துக்கு மாற்றவும்.

மனுக்களை வரிசைப்படி விசாரிக்கிறேன் என்றது பெட்டகம். வரிசைப்படி என்றால் முதலில் இசக்கி வீடு. அவள் மனு எதுவும் போடவில்லை. ஆனால் முதல் வீட்டை விசாரிக்காமல் இரண்டாவதுக்குப் போகப் பெட்டகத்துக்குத் தெரியாது. எழுபத்தொரு வீட்டாரும் மண்டபத்தில் வந்து நெருக்கி நின்றார்கள். இசக்கியைக் கூட்டி வந்தார்கள். உங்களுக்கு என்ன வேணும், கேளுங்க என்று மைனியின் குரல் கேட்டது.

இசக்கி யோசித்துப் பார்த்தாள். காலையில் சூடாகக் குளித்திருந்தாள். இட்லி ஆவி பறக்க வந்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று முந்தாநாள்தான் மனசு ஆறியிருந்தது. உண்மையாகவே அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

"சும்மா சொல்லாதீங்க, கேளுங்க" என்றது பெட்டகம்.

இல்லை, நிஜமாகவே வேண்டாம் என்றாள். பலகையில் அவள் பெயருக்கு நேரே இரண்டு என்று விழுந்தது. சும்மா சொல்லாதீங்க. மூன்று. இருக்கிற இடமே எனக்கு நிறைவாக இருக்கிறது என்று விவரமாக எடுத்துச் சொன்னாள். நாலு. அவள் மனசில் இல்லாத ஒன்றைக் கேட்டால் தவிர அது விடாது. கேட்டுத்தொலைக்கலாம் என்றால் ஒன்றும் தோன்றவும் இல்லை. இருபதைத் தாண்டியதும் கூட்டத்தில் சிரிப்பு நின்றது. முப்பதைத் தாண்டியதும், என்ன மனசு பாருங்க என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். ஐம்பதில் ஒரு கிழவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். இரண்டு பேர் அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினார்கள்.

அண்ணாச்சி வந்து சேர்ந்தபோது பலகையில் அறுபத்தொன்று. ஈரத் தலையைத் துவட்டக்கூட இல்லை, அப்படியே வந்திருந்தார். பலகையைப் பார்த்தார். கூட்டம் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இசக்கியைப் பார்த்து நிற்பதைப் பார்த்தார். இடித்துத் தள்ளிக்கொண்டு அவள் பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்தி, இத்தனை வருஷத்தில் யாரிடமும் கேட்காத மாதிரிக் கேட்டார்.

"தாயி, ஒனக்குப் புண்ணியமாப் போகும். எதையாவது கேட்டுரு."

"நெசமாவே ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் இசக்கி, அவருக்குத்தான் சொன்னாள். பெட்டகம் அதையும் எண்ணிக்கொண்டது.